வேட்டி வாங்க ஜெயிலுக்குப் போய் வந்தது

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு நோம்பிக்கும் மாரியம்மன் சன்னதியில் விழுந்து கும்பிடும்போது, இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் தாயே என்று சொல்வேன். வீட்டுக்கு வந்து பேனாவைத் தொட்டால் கை வராது. ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறது. கூடப்பிறந்தவளின் குடும்பம் இருக்கிறது. நான் நாலாவது வரைக்கும் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாமக்கல்லுக்கு மேற்கே, மானாவாரிச் சோளமும் கிணற்றுத் தோட்டமுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. பேர் வேண்டாம். ஜெயில் இருந்த டவுனின் பேரும் வேண்டாம். சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிய காலம் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடையை மூடியபோது கோயிலில் தேங்காய் உடைத்தவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்கு இன்றைக்கும் மனமாற்றம் கிடையாது. குடி நின்ற வீடுகளில் அடுப்பு எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கடை மூடிய கொஞ்ச நாளிலேயே பள்ளத்து ஓடையில் புகை எழும்ப ஆரம்பித்தது. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சினார்கள். போலீஸ் வந்தது. முதல் தடவைக்கு அபராதம், மறு தடவைக்கு ஜெயில். எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் ஆள் ஆளாகப் போனார்கள். என் தங்கை பாவாயியின் புருஷன் செங்கோடனும் போனான். அவன் காய்ச்சவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. காய்ச்சினான். ஆறு மாசம் கடுங்காவல் கிடைத்தது.

ஆட்கள் போன பிறகுதான் ஊர் எவ்வளவு பேரின் தோளில் நின்றது என்று தெரிந்தது. எங்கள் பக்கம் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது கவலையில்தான். சால் என்கிற பெரிய தோல் வாளியைக் கயிற்றில் கட்டி, இரண்டு எருதுகளைச் சரிவில் ஓட்டி இழுக்க வைக்க வேண்டும். மாட்டுக்குப் பின்னால் ஓர் ஆண் நின்றால்தான் அது ஓடும். ஆண் இல்லாத தோட்டங்களில் கவலை நின்றது. வீட்டுக்கு ஓர் ஆள் போய் வருஷந்தோறும் தூர் வாரும் ஏரி வாய்க்காலில் அந்த வருஷம் எருக்கு முளைத்தது. பாவாயி இரண்டு எருதில் ஒன்றை விற்றாள். ஒற்றை எருதை வைத்துக் கவலை ஓட்ட முடியாது. மிளகாய்ச் செடிக்குக் குடத்தில் மொண்டு ஊற்றினாள்.

அப்போது பங்குனி நோம்பி, மாரியம்மன் திருவிழா வந்தது.

எங்கள் பக்கத்து நோம்பியில் கம்பம் நடுவதுதான் ஆரம்பம். மூன்று கிளை பிரிந்த மரமாகப் பார்த்து வெட்டி வந்து அம்மனுக்கு முன்னால் நடுவோம். நட்டதிலிருந்து அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடும் வரைக்கும் ஊர்க்காரன் எவனும் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. வீட்டுக்கு ஓர் ஆண் தலைக்கட்டு. அவன் எல்லைக்குள் படுக்காத வீட்டின் மாவிளக்கைக் கோயிலில் வாங்க மாட்டார்கள். மாவிளக்கு ஏறாத வீடு, அடுத்த நோம்பி வரைக்கும் ஊரில் இல்லாத வீடு. அதற்கு மாற்றாள் வராது, இரவல் மாடு வராது, நல்லது கெட்டதுக்கு ஒருவரும் படியேற மாட்டார்கள்.

தூரதேசம் போனவனுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்கும் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள், இடுப்பில் உடுத்தி அவிழ்த்த வேட்டியைத் தண்ணீரில் நனைக்காமல் அனுப்பி வைப்பார்கள். அதை அவன் பாயில் விரிப்பார்கள். ஆளுக்குப் பதில் வேட்டி படுக்கும். ஆனால் அது அவன் இப்போது உடுத்தியதாக, அவன் கையால் கொடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் கிடக்கிற பழைய வேட்டி செல்லாது.

ஜெயிலுக்குப் போன மற்றவர்கள் வீட்டில் தம்பியோ வயது வந்த மகனோ தலைக்கட்டு நின்றார்கள். பாவாயிக்கு இரண்டும் பெண். நான் நிற்கலாமென்றால், ஒருவன் இரண்டு வீட்டுக்குத் தலைக்கட்டு ஆக முடியாது. கோயில் வாசலில் ஊர்க்கவுண்டர் முடிவாகச் சொன்னார்.

"செவ்வாய்க்கெழம பொழுது மசங்கற நேரத்துக்குக் கம்பம் நட்டாகோணும். அதுக்குள்ள செங்கோடன் வேட்டி வந்தாச் செரி. வராட்டி அந்த ஊட்டை இந்த வருசம் தள்ளித்தான் வெக்கோணும். நாம என்னுங்க பண்றது, மொறை அப்படி."

பாவாயி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். "குடத்துல மொண்டு ஊத்தறனுங்க நானு. அப்பெல்லாம் இந்த ஊரு எங்கீங்க போயிருந்துச்சு?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு புது வேட்டியை எடுத்து என் பையில் வைத்தாள். "அங்க அவுங்க வேட்டிய வெச்சிருக்காங்களோ என்னமோ. இல்லாட்டி இதைக் குடுத்து ஒருக்கா உடுத்து அவுக்கச் சொல்லி வாங்கிட்டு வந்துரு அண்ணா. எனக்கொசரம் போயிட்டு வா."

இந்த யோசனையில் தப்பு இருப்பதாக எனக்கோ அவளுக்கோ தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புளிச்சோற்று மூட்டையோடு கிளம்பினேன். செவ்வாய் பொழுது சாய்வதற்குள் நான் திரும்பாவிட்டால் என் வீட்டுக்கும் தலைக்கட்டு கிடையாது. கிளம்பும்போது என் மனைவி அதைச் சொல்லவில்லை. நெற்றியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருநீறு வைத்ததில் தெரிந்தது.

கரி பஸ் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புத் தொட்டி. அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, துருத்திச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் புகையை இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும். சமவெளியில் எருமை மாதிரி போகும். மேடு வந்தால் நின்றுவிடும்.

"எறங்குங்க சாமி, எறங்குங்க," என்றான் கண்டக்டர். "மேடு வந்தா மிட்டாதாரா இருந்தாலும் தள்ளித்தான் ஆகோணும்."

தள்ளும்போது என் பக்கத்தில் தோள் கொடுத்தவர் ஆட்டையாம்பட்டி நெசவுக்காரர், அர்த்தநாரி என்று பேர். மேல்மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, நீங்களும் மாமியார் ஊட்டுக்குத்தானுங்களா?"

நான் விழித்தேன்.

"ஜெயிலுக்குங்க. இந்தப் பஸ்ஸில பாதிப் பேரு அங்கதான் வாராங்க. சோத்து மூட்டையப் பாத்தாலே தெரியுதே."

அவர் மகன் சாராயப் புட்டியோடு பிடிபட்டவன். மறுபடி ஏறி உட்கார்ந்ததும் மடியிலிருந்து கைமுறுக்கை எடுத்து எனக்குப் பாதி உடைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டு முறுக்கு பல்லுக்கு வேலை வைக்கும். இது வாயில் போட்டதும் கரைந்தது. தின்னும்போதே தறியைப் பற்றிச் சொன்னார்.

"பாவு நூலு போட்டபடியே தறியில கெடக்குதுங்க. அவன்தான் நெய்யறவன். எனக்குக் கண்ணுல பூ உழுந்து வருசமாச்சு. அறுத்தெடுத்தா மொதலாளி பாவு போச்சு. உட்டு வெச்சா எலி திங்குது. பொழுதன்னிக்கும் ஒரு பூனையக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தனுங்க."

"பூனை இருக்குதுங்களா?"

"அதுவும் ஓடிப் போச்சுங்க. அதுக்கு வாய்தா கீய்தா ஒண்ணும் கெடையாது பாருங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வழியில் நெசவாளர் தெரு ஒன்றைத் தாண்டினோம். தறிச் சத்தம் வந்துகொண்டே இருந்து, நடு நடுவே நின்று நின்று போயிற்று. சத்தம் இல்லாத வீட்டு வாசல் ஒவ்வொன்றையும் அர்த்தநாரி தலையைத் திருப்பிப் பார்த்தார். கண் மங்கியவருக்குக் காதுதான் கணக்கு.

டவுனில் சத்திரத்துக்காரர் எங்களைப் பார்த்ததும், "கேசா, ஆசுபத்திரியா, ஜெயிலா?" என்று கேட்டார். ஜெயில் என்றதும் பின்கட்டைக் காட்டினார். அது நிரம்பியிருந்தது. கிளப்புக் கடையில் இட்டிலி தின்றோம். எங்கள் ஊரில் இட்டிலி தீபாவளிக்குத்தான். ராகிக் களிக்குப் பழகிய வயிறு, பஞ்சு மாதிரி இருந்ததை நம்பாமல் ராத்திரி முழுக்கப் பசித்தது.

திங்கட்கிழமை காலையில் ஜெயில் வாசலைப் பார்த்தபோது தேர்க்கடைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. புளிய மரத்தடி முழுக்க ஜனம். அர்த்தநாரியை அந்தக் கூட்டத்தில் தவறவிட்டேன். பாதிக்கு மேல் பெண்கள். பொரி விற்கிறவன், மோர் விற்கிறவள், மரக்கிளையில் தூளி. பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த பெண்ணொருத்தி, கட்டியிருந்த ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அதையும் கூட்டி வந்தாளாம். உள்ளே இருந்தவர்களை எண்ணி வைத்திருப்பார்கள். வெளியில் இருந்த எங்களை எண்ணுவார் இல்லை.

மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்த ஓமலூர்க்காரி மாதம்மா எனக்கு நடைமுறை சொல்லிக்கொடுத்தாள். வயது ஐம்பது இருக்கும். மாசம் தவறாமல் வருகிறவள்.

"பேரைக் கூப்புட்டா ஓடிப் போயிடணும். ரெண்டு கம்பி வலை இருக்கும், நடுவுல வார்டரு நிப்பான். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. நீ முக்கியமானதை மொதல்ல கத்திடு. அழுவுறதைக் கடைசியில வெச்சுக்கோ, நேரம் இருந்தா அழுவலாம்."

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். மாதம்மா சொன்னபடியேதான் இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையும் கோடு போட்ட அரைக்கால் டவுசருமாக நின்றவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு தோள் இறங்கி, உடம்பைச் சாய்த்து நின்றான்.

"மச்சா, எருது ரெண்டும் நல்லா இருக்குதுங்களா?" என்றான். முதல் வார்த்தை அதுதான்.

"ஒண்ணு இருக்குது மாப்ளே."

அவன் கம்பி வலையில் நெற்றியை வைத்துக்கொண்டான். நேரம் போகிறதே என்று நான் கம்பத்தைப் பற்றியும் கவுண்டர் சொன்னதைப் பற்றியும் கத்தினேன். அவனுக்கு உடனே புரிந்தது.

"என்ற வேட்டிய வாங்கி மூட்டை கட்டிக் கெடங்குல போட்டுட்டாங்க. வெளிய போற அன்னிக்குத்தான் தருவாங்களாம். இங்க என்னோடதுன்னு ஒண்ணுமே இல்லீங்க மச்சா. டவுசரு, தொப்பி, தட்டு, அத்தனையும் சர்க்காரோடது."

"அதுக்குத்தான் பாவாயி இதைக் குடுத்தனுப்பிச்சா," என்று புது வேட்டியைப் பையிலிருந்து எடுத்தேன். கம்பி வலைக்குக் கீழே ஒரு சந்து இருந்தது. வேட்டியைச் சுருட்டி அதில் நுழைத்து, "ஒருக்கா இடுப்புல சுத்தி அவுத்துக் குடு மாப்ளே, சீக்கிரம்," என்றேன்.

விசில் ஊதிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. நடுவில் நின்ற வார்டர் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் இரண்டு பேர் செங்கோடனை இழுத்துப் போனார்கள். இந்தப் பக்கம் என் கழுத்துத் துண்டைப் பிடித்து ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஜெயிலுக்குள் வெளித்துணி போனால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கைதி டவுசரைக் கழற்றி வேட்டியைக் கட்டிக்கொண்டால் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நடந்துவிடலாம். தப்பிக்க வைக்க வந்தவன் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

ஜெயிலர் தெலுங்கு பேசுகிறவர். குமாஸ்தா ஒருவர் தஞ்சாவூர்த் தமிழில் மாற்றிச் சொன்னார். "யார் உனக்குக் கூலி கொடுத்தது என்று கேட்கிறார்."

"கூலி இல்லீங்க. நோம்பிங்க," என்று கம்பத்தை முதலிலிருந்து சொன்னேன்.

குமாஸ்தா பாதியில் நிறுத்தினார். "வேட்டி படுக்குமா? எங்கே படுக்கும்?"

"பாயிலீங்க."

அவர் அதைத் தெலுங்கில் சொன்னார். ஜெயிலர் என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், வேட்டியை உதறி வெளிச்சத்தில் பிடித்து மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார். அரமோ கத்தியோ தேடினார் போலிருக்கிறது. ஒன்றும் கிடைக்காததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. என்னை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜன்னல் வழியாக நிழல் நீள்வது தெரிந்தது. எழுந்து நின்று மாரியம்மனை நினைத்தேன். தாயே, ஒரு வீட்டை உள்ளே வைக்க வந்து இரண்டு வீட்டை வெளியே தள்ளிவிட்டேனே என்று சொன்னேன். என்னை இன்றைக்குப் பூட்டினால் செவ்வாய் போயிற்று. என் பெண்டாட்டி மாவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்பாள். பாவாயி அதைப் பார்த்து நிற்பாள். வேறு எதுவும் அப்போது நினைக்க முடியவில்லை. ஒரு கதவைச் சாத்தினால் அதன் நிழல் எவ்வளவு தூரத்து வீட்டில் விழுகிறது என்று அந்த அறையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் குமாஸ்தா வந்தார். "ஐயா சொல்கிறார், நீ திருடனாக இருந்தால் கோர்ட்டு, பைத்தியமாக இருந்தால் விட்டுவிடலாமாம். பைத்தியம் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதிக்குங்க சாமி," என்றேன்.

வேட்டியை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

புளிய மரத்தடியில் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மாதம்மா மட்டும் இருந்தாள், என் சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. "நாய் இழுத்துட்டுப் போயிடும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். நடந்ததைக் கேட்டுவிட்டு மூட்டையை என் கையில் கொடுத்தாள்.

"காலையில தோட்டத்துக்குத் தண்ணி எறைக்க வெளிய கூட்டியாருவாங்க. சுவத்துக்குப் பின்னாடி, ரோட்டோரம் முள்ளு வேலி. பேச உடமாட்டாங்க, பாக்கலாம். என் ஊட்டுக்காரர் அதுலதான் இருக்காரு. உன் ஆளுக்குத் தோளு சாஞ்சிருந்துச்சின்னா அவரும் அதுலதான் இருப்பாரு."

தோளுக்கும் தண்ணீர் இறைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போய் நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரியும் கீரையும் எங்கள் ஜில்லாவிலேயே நான் பார்க்காத செழிப்பில் இருந்தன. கிணறு, சரிவு, கயிறு, தோல் சால், எல்லாம் எங்கள் ஊர்க் கவலை மாதிரியே. மாடு மட்டும் இல்லை. கயிற்றில் எட்டு ஆட்களைப் பூட்டியிருந்தார்கள்.

வரிசையாகக் கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்து, சரிவில் இறங்கி வேலிப்பக்கம் வந்தார்கள். கிணற்றில் சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியது. பிறகு பின்புறமாகவே நடந்து ஏறினார்கள். மறுபடி இறங்கினார்கள். வார்டர் கல்லில் உட்கார்ந்து வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தான்.

"மூணாவது ஆளு என் ஊட்டுக்காரர்," என்றாள் மாதம்மா. "போன மாசம் மொதல்ல இருந்தாரு. மொதல்ல இருக்கறவருக்குத்தான் இழுப்பு ஜாஸ்தி." அவள் குரலில் சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முதல் ஆள் செங்கோடன். ஊரில் பாவாயி குடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், இங்கே இவன் எட்டுப் பேரில் ஒருவனாகச் சர்க்கார்க் கத்தரிக்காய்க்கு இழுத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அடுத்த தடவை சரிவில் இறங்கி வேலிக்கு நாலடி தூரத்தில் நின்றபோது, கயிற்றுக்கும் தோளுக்கும் நடுவில் மடித்து வைத்திருந்த சாக்குத் துண்டை உருவி எடுத்தான். மூக்கைச் சிந்தித் துடைப்பது போல் துடைத்து வேலி மேல் எறிந்தான்.

"என்னடா அது?" என்றான் வார்டர்.

"கிழிஞ்ச சாக்குங்க எசமான். ஒண்ணுக்கும் ஆகாதுங்க."

வார்டர் குச்சியை மறுபக்கம் மென்றான். செங்கோடன் வெறுந்தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். அப்போதுதான் அந்தத் தோளைப் பார்த்தேன். எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வார்டர் கீரைப் பாத்தியைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் முள்ளுக்குள் கையை விட்டுச் சாக்கை எடுத்தேன். கை கிழிந்தது. மாதம்மா என்னை மறைத்து நின்றாள். "போ, போ, திரும்பிப் பாக்காதே," என்றாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்த்ததில்லை. அம்மன் அவளை நன்றாக வைத்திருக்கட்டும்.

சாக்கைத் துண்டில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மனசு வாதாடிக்கொண்டே வந்தது. உடம்பில் பட்டது, தண்ணீரில் நனையாதது, அவன் கையால் கொடுத்தது. ஆனால் வேட்டி இல்லை. ஊர்க்கவுண்டர் இதைக் காலால் தள்ளிவிட்டால்?

ராசிபுரம் தாண்டியதும் பஸ் நின்றது. சக்கரத்தைச் சுற்றினார்கள், புகைதான் வந்தது. "கரி ஈரமுங்க," என்றான் டிரைவர். "காய வெச்சுத்தான் போடோணும்."

"எப்பங்க காயும்?"

"வெயிலைத்தானுங்க கேக்கோணும்."

இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டி வந்தது. வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். எங்கே போய் வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"சாராயம் காச்சுனவன் ஊட்டுக்கு நோம்பி ஒண்ணுதான் கொறைச்சலுங்களா?" என்றார்.

நானே ஒரு காலத்தில் அப்படிச் சொல்லியிருப்பேன். சூரியன் பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. அப்போது பார்த்து வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய் வலத்து எருதின் கழுத்தைத் தூக்கிப் பார்த்து, நுகத்தடிக்குக் கீழே வேப்பெண்ணெய் போட்ட துணியை மாற்றி வைத்தார்.

"தோளு புண்ணாயிருச்சுங்க. சித்த நேரம் அவுத்து உட்டுட்டுத்தான் பூட்டோணும். வாயில்லாச் சீவன் பாருங்க."

நான் அந்த எருதையே பார்த்தேன். அவசரம் என்று சொல்ல வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வண்டியிலிருந்து குதித்து, காட்டு வழியில் ஓட ஆரம்பித்தேன்.

எல்லைக் கல்லைத் தொட்டபோது தப்பட்டைச் சத்தம் கேட்டது. மேற்கே சிவப்பு இன்னும் மீதி இருந்தது. கோயில் வாசலில் குழி வெட்டி, பால் ஊற்றி, கம்பத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய கம்பம். மாவிளக்குத் தட்டோடு பெண்கள் ஒரு பக்கம். பாவாயி அவர்களோடு நிற்காமல் தனியாக, தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துங்க," என்றேன். மூச்சு வாங்கியது.

"வேட்டி வந்துருச்சுங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "சாக்கு படுக்கப் போவுதுடோய்," என்றது ஒரு குரல்.

"இதென்னுங்க?" என்றார் கவுண்டர்.

"அவங்கிட்ட அவனோடதுன்னு இருந்தது இது ஒண்ணுதானுங்க. தோள்ள வெச்சிருந்தான். கவலைக் கயித்துக்கு."

கவுண்டர் வாழ்நாள் முழுக்கக் கவலை ஓட்டியவர். அதைத் திருப்பிப் பார்த்தார். கயிறு தேய்த்துத் தேய்த்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. நூலில் ரோமம் ஒட்டியிருந்தது. காய்ந்த கறையும் இருந்தது. விரலை வைத்துத் தடவினார். அந்தப் பள்ளம் எதனால் விழும் என்று அங்கே நின்ற ஒவ்வொரு ஆணுக்கும் தெரியும்.

"மாடு?" என்றார்.

"மாடு இல்லீங்க. ஆளுகதான் இழுக்கறாங்க. மொத ஆளு நம்ம செங்கோடன்."

தப்பட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை. கம்பத்தைப் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே நின்றார்கள். கவுண்டர் சாக்கை இன்னொரு தடவை திருப்பினார். பிறகு மெதுவாக, யாருக்கென்று இல்லாமல், "தோளு புண்ணாயிட்டா மாட்டையே அவுத்துருவமே," என்றார்.

சாக்கை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பாவாயியிடம் போனார்.

"நட ஆத்தா. ஊட்டுல போயிப் பாயை விரி."

அவரே கூடப் போய், செங்கோடன் பாயில், தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தார். அதுவரைக்கும் கம்பம் குழிக்கு மேலேயே நின்றது. அவர் திரும்பி வந்து தலையாட்டிய பிறகுதான் நட்டார்கள். பாவாயியின் மாவிளக்கைப் பூசாரி மற்றவர்களுடையதோடு சேர்த்து வாங்கி வைத்தார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வெயில் ஏறுமுன் பாவாயி கிணற்றில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கவுண்டரின் எருதுகள் இரண்டும் அங்கே நின்றன. அவர் பூட்டுவதற்கு முன் இரண்டின் கழுத்தையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் செங்கோடன் வரும் வரைக்கும் முறை வைத்து மாடு வந்தது. அவள் தோட்டத்துக்கு மட்டும் இல்லை, ஆள் போன அத்தனை தோட்டத்துக்கும் வந்தது. மிளகாய்ச் செடியில் பாதிதான் பிழைத்தது. பாதி அதற்கு முன்பே காய்ந்துவிட்டது.

செங்கோடன் தண்டனை முடிந்து வந்தான். அதற்குப் பிறகு ஓடைப்பக்கம் போகவில்லை. அந்தத் தோளில் ஏர் தூக்கவும் முடியவில்லை, சாகும் வரைக்கும் இடத்துத் தோளிலேயே தூக்கினான். சாக்கைப் பாவாயி மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன நோம்பியில் எங்கள் ஊர் வாலிபர்கள் இதைக் கதையாகச் சொல்லக் கேட்டேன். ஜெயிலிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு வேட்டி வந்ததாம். துரையே மனமிரங்கிக் கொடுத்தாராம். செங்கோடன் பொய்க் கேசில் மாட்டிக்கொண்ட உத்தமனாம். கேட்டவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதைப் படிக்கிற தாய்மார்களும் ஐயன்மார்களும், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரிலிருந்தும் யாராவது உள்ளே இருப்பார்கள், அவர்கள் வீட்டில் முதலில் வாசியுங்கள். ஆனால் இருக்கிறபடியே வாசியுங்கள். அவன் காய்ச்சினான் என்பதை எடுத்துவிடாதீர்கள். சாக்கை வேட்டி ஆக்கிவிடாதீர்கள். அது சாக்குதான்.